தலைப்புப் பக்கம் ஒன்று சொல்லும், தாள் வேறு சொல்லும்: பழைய குதிரைப் பட நூல்களைச் சேகரிப்பது

லண்டனில் 1766-இல் வெளிவந்த ‘குதிரையின் உடற்கூறு’ நூலின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்தால் முதல் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அதே தலைப்புப் பக்கம், அதே ஆண்டு, அதே 24 படங்கள். ஆனால் படம் அச்சான தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், சில பிரதிகளில் தாளுக்குள்ளே ‘ஜே. வாட்மன்’ என்ற காகித ஆலையின் பெயரும் அதோடு 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் ஆண்டும் நீர்க்குறியாகத் தெரியும். அந்தப் படங்களைச் செப்புத் தகட்டில் தன் கையால் செதுக்கிய ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1806-இலேயே இறந்துவிட்டார். அவர் இறந்த பிறகு அந்தத் தகடுகளிலிருந்து அச்சிட்டு எடுத்த படங்கள், அவர் காலத்துத் தேதியைச் சுமந்துகொண்டு நூலுக்குள் இருக்கின்றன.

பழைய குதிரைப் பட நூல்களைத் தேடுகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கலில் வந்து நிற்பார்கள். யாரோ ஒருவர் செய்த மோசடி இது என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்துப் பட நூல்கள் தயாரான விதமே அப்படி. அந்த விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் ஒரு பிரதிக்கு ஏன் பெரிய விலை, அதே பெயருள்ள இன்னொன்றுக்கு ஏன் அதில் சிறு பகுதி என்பது பிடிபடும்.

எழுத்துப் பக்கம் அச்சாவது மேடான ஈய எழுத்துகளில் மை தடவி. செப்புத் தகட்டுப் படம் அதற்கு நேர்மாறு. தகட்டில் தோண்டிய பள்ளங்களுக்குள் மையை இறக்கி, மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஈரமாக்கிய தாளை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே பலமாக அழுத்தி எடுக்க வேண்டும். இதற்கு இயந்திரம் வேறு, பட்டறையும் பெரும்பாலும் வேறு. அதனால் படத்தாள்கள் தனியாக அச்சாகி, கடைசியில் பைண்டிங்கின்போதுதான் எழுத்துப் பக்கங்களோடு சேர்ந்தன. புத்தகம் விற்றுத் தீர்ந்தாலும் தகடுகள் அப்படியே இருக்கும். அவை சொத்து. விற்கலாம், வாரிசுக்கு விடலாம், 80 வருடம் கழித்து இன்னொரு நாட்டில் இன்னொருவர் வாங்கி மறுபடியும் மை தடவலாம். குதிரை நூல்களில் இப்படி நடந்ததற்குக் காரணம் எளிது. பணக்காரர்கள் ஒரு தலைமுறை விடாமல் குதிரை வளர்த்தார்கள், குதிரைப் படங்களுக்கு எப்போதும் ஆள் இருந்தது.

ஸ்டப்ஸின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இந்தத் துறையில் அதற்கு ஈடான உழைப்பு இன்னொன்று இல்லை என்பது என் எண்ணம். 1724-இல் லிவர்பூலில் பிறந்தவர். அப்பாவுக்குத் தோல் பதப்படுத்தும் தொழில். 1756-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டை எடுத்து, வாழ்க்கைத் துணை மேரி ஸ்பென்சரின் உதவியோடு சுமார் 18 மாதம் குதிரைகளை அறுத்து ஆராய்ந்தார். கழுத்து ரத்தக்குழாயைத் திறந்து ரத்தத்தை வடியவிட்டு, குழாய்களுக்குள் உருக்கிய கொழுப்பைச் செலுத்தி அவற்றின் வடிவம் குலையாமல் பார்த்துக்கொள்வார். பிறகு மேலே கட்டிய இரும்புக் கம்பியிலிருந்து கொக்கிகளைத் தொங்கவிட்டு, உயிருள்ள குதிரை நடக்கிற தோரணையில் உடலை நிறுத்துவார். தோலை உரித்து வரைவார். ஓர் அடுக்குத் தசையை எடுத்து வரைவார். அடுத்த அடுக்கு. இப்படியே எலும்புவரை. ஒரு குதிரையை 11 வாரம்வரை வைத்திருந்ததாகப் பதிவு இருக்கிறது. அந்த வீட்டின் வாடையை நாம் நினைத்துப் பார்க்கத்தான் முடியும்.

வரைந்ததை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போனால், அங்கிருந்த செதுக்குக் கலைஞர்கள் இந்த வேலையை ஏற்க மறுத்துவிட்டார்கள். சரி, நானே செதுக்குகிறேன் என்று உட்கார்ந்தார் ஸ்டப்ஸ். அதற்கு முன்பு 1751-இல் வெளியான ஒரு மகப்பேறு மருத்துவ நூலுக்குத் தகடு செய்த அனுபவம் மட்டும் அவருக்கு இருந்தது. பகலில் பிரபுக்களுக்கு ஓவியம், விடியற்காலையிலும் இரவிலும் செப்புத் தகடு என்று வருடக்கணக்கில் ஓடியது. 1766-இல் நூல் வந்தபோது முன்பதிவு செய்தவர்களுக்கு விலை 4 கினி (அந்தக் கால ஆங்கிலத் தங்க நாணயம்), மற்றவர்களுக்கு 5.

நூலின் அமைப்பும் அழகானது. எலும்புக்கூடு ஒரு நிலை, தசை அடுக்குகள் ஐந்து நிலை, ஆக ஆறு. ஒவ்வொன்றும் பக்கவாட்டில், முன்னால், பின்னால் என மூன்று கோணம். மொத்தம் 18 நிழல் கொடுத்த படங்கள். உறுப்புகளை அடையாளம் காட்டும் வெறும் கோட்டுப் படங்கள் இன்னும் 6. முதல் படத்திலிருந்து புரட்டிக்கொண்டே போனால் ஒரே குதிரை நடந்தபடியே தன் உடையை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்வது போலிருக்கும். டச்சு உடற்கூறு அறிஞர் பெட்ரஸ் காம்பர் 1771-இல் ஸ்டப்ஸுக்குக் கடிதம் எழுதிப் பாராட்டினார். ஸ்டப்ஸின் மூலச் சித்திரங்கள் இப்போது லண்டனின் ராயல் அகாடமியில் இருக்கின்றன. சித்திரத்தையும் அச்சான படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிவது சேகரிப்பாளர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி.

இனி அந்த நீர்க்குறி. பிரிட்டனில் 1794-இல் காகித வரிச் சட்டம் ஒன்று வந்தது. ஏற்றுமதியாகும் தாளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற வேண்டுமானால், தாளின் நீர்க்குறியில் தயாரான ஆண்டு இருக்க வேண்டும். காகித ஆலைகள் ஏற்றுமதித் தாள், உள்ளூர்த் தாள் என்று பிரித்துப் பார்க்காமல் பரவலாக ஆண்டைப் போட ஆரம்பித்தன. அந்த நிபந்தனை நீங்கிய பிறகும் பல ஆலைகள் பழக்கத்தை விடவில்லை. யாரோ ஒரு வரி அதிகாரியின் கணக்குக்காக வந்த ஏற்பாடு, இன்று ஆங்கிலப் பட நூல்களின் வயதைச் சொல்லும் மிக நம்பகமான சாட்சி. ஆனால் ஒன்று: நீர்க்குறியில் உள்ள ஆண்டு தாள் தயாரான ஆண்டு. படம் அதற்கு முன்னால் அச்சாகியிருக்க முடியாது என்பது மட்டும் உறுதி. பின்னால் எவ்வளவு காலம் கழித்தும் அச்சாகியிருக்கலாம்.

ஸ்டப்ஸுக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மன்னர் முதலாம் சார்ல்ஸின் பக்கம் நின்றவர் வில்லியம் கேவெண்டிஷ், நியூகாசிலின் பிரபு. 1644-இல் மார்ஸ்டன் மூர் சண்டையில் தோற்று ஐரோப்பாவுக்குப் போனார். கடைசியில் ஆண்ட்வெர்ப் நகரில், ஓவியர் ரூபென்ஸ் வாழ்ந்த வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடியேறினார். கையில் காசில்லை, சுற்றிலும் கடன்காரர்கள். அந்த நிலையிலும் குதிரைகளை விடவில்லை. அங்கேயே குதிரைப் பயிற்சிக்கூடம் நடத்தினார். 1658-இல் குதிரைகளைப் பழக்குவதற்கான தன் ‘புதிய முறை’ பற்றி பிரெஞ்சு மொழியில் ஒரு பிரம்மாண்டமான நூலை வெளியிட்டார். ஆபிரகாம் வான் டீப்பன்பேக் வரைந்து, வெவ்வேறு கலைஞர்கள் செதுக்கிய 42 இரட்டைப் பக்கப் படங்கள்.

அந்தப் படங்களில் பின்னணியைக் கவனிக்க வேண்டும். முன்னால் குதிரை பின்னங்காலில் எழுந்து நிற்கும். தூரத்தில் போல்சோவர், வெல்பெக் என்று அவர் விட்டுவிட்டு வந்த மாளிகைகள் தெரியும். நாடு திரும்புவோமா என்பதே தெரியாத ஒருவர் தன் வீட்டைச் செம்பில் வரைந்து வைத்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு படத்தில் அவர் சிறகுள்ள கிரேக்கப் புராணக் குதிரை பெகாசஸ் மேல் வானில் போகிறார், கீழே குதிரைகள் வட்டமாக மண்டியிட்டு வணங்குகின்றன. அடக்கம் என்பதற்கே இடமில்லாத படம். ஆனால் செதுக்கு வேலை அபாரம்.

1660-இல் மன்னராட்சி திரும்பியது, அவரும் ஊர் திரும்பினார். 1667-இல் ஆங்கிலத்தில் ஒரு குதிரை நூல் எழுதினார். பெயர் பழைய நூலை ஒத்திருந்தாலும் அது வேறு நூல், அந்தப் பெரிய படங்கள் அதில் கிடையாது. அட்டவணையில் பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கே தடுமாறலாம். அப்புறம் 1737-இல் லண்டன் பதிப்பாளர் ஜான் பிரிண்ட்லி பழைய ஆண்ட்வெர்ப் தகடுகளிலிருந்தே மறுபடி படமெடுத்து பிரெஞ்சு நூலை வெளியிட்டார். 1743-இல் அதே படங்களோடு ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. ஆகவே உங்கள் கைக்கு வரும் ஒரு நியூகாசில் படம் 1658-ஐச் சேர்ந்ததாக இருக்கலாம், 1737 ஆகவோ 1743 ஆகவோ இருக்கலாம். தகடு ஒன்றுதான், கோடுகள் ஒன்றுதான்.

ஆனால் செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அழுத்தும்போதும் கொஞ்சம் தேயும். முதலில் போவது மெல்லிய கோடுகள்: மேகத்தின் ஓரம், தூரத்து மரங்கள், குதிரையின் வயிற்றுப் பக்க நிழல். முந்தி எடுத்த படத்தில் கருப்பு ஆழமாக, வெல்வெட் மாதிரி இருக்கும். பிந்தியதில் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்துக்கு இறங்கியிருக்கும். சில பதிப்பாளர்கள் தேய்ந்த கோடுகளை மறுபடி தோண்டச் சொல்வார்கள். அப்போது கருப்பு திரும்பும், மென்மை திரும்பாது. ஒரு படத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்வது கடினம், இரண்டை ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

இந்த வரிசையில் மூத்தவர் பிரான்சின் ப்ளுவினெல். சிறுவனாக இருந்த பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுத்தவர். 1620-இல் அவர் இறந்தபோது அவருடைய குதிரையேற்ற நூல் கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. படங்களைச் செதுக்கிய கிறிஸ்பின் டி பாஸ் 1623-இல் அதை வெளிக்கொண்டுவந்தார். அந்தப் பதிப்பில் திருப்தி இல்லாத நண்பர் ரெனே டி மெனு, 1625-இல் மன்னருக்கான பாடம் என்ற பெயரில் திருத்திய நூலை அதே படங்களோடு வெளியிட்டார். இங்கே சுவையான கேள்வி எழுகிறது. முதலில் வந்ததைத் தேடுவதா, ஆசிரியரின் எழுத்துக்கு நெருங்கியதைத் தேடுவதா? படத்துக்காக வாங்குகிறவர் 1623-ஐ விரும்புவார், குதிரையேற்றம் படிக்கிறவர் 1625-ஐ எடுப்பார். நான் இரண்டாமவர் பக்கம். பிரெஞ்சுக் குதிரையேற்ற ஆசான் லா கெரினியரின் 1733 நூல், சார்ல்ஸ் பாரொசெல் வரைந்த படங்களுக்காகவும் வியன்னாவின் ஸ்பானியக் குதிரைப் பள்ளி இன்றும் அதை அடிப்படையாகக் கொள்வதற்காகவும் மதிப்புப் பெற்றது. அதுவும் பல முறை மறுபதிப்பான நூல்தான்.

கல்லச்சு வந்தபோது கணக்கு மாறியது. லித்தோகிராஃபில் சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைவார்கள். வேண்டிய படங்களை எடுத்ததும் கல்லைத் தேய்த்து வழித்துவிட்டு அடுத்த படத்துக்குப் பயன்படுத்துவார்கள், கல் அவ்வளவு விலை. அதனால் கல்லச்சுப் படங்கள் பெரும்பாலும் தங்கள் காலத்திலேயே எடுத்தவை. பிரெஞ்சு ஓவியர் தியோடர் ஜெரிகோ 1821-இல் லண்டனில் வெளியிட்ட தொகுதி இதில் உச்சம் என்பேன். சார்ல்ஸ் ஹல்மண்டெல் அச்சிட்டது. பந்தயக் குதிரைகளுக்கும் பிரபுக்களுக்கும் பழகிய கண்ணுக்கு அது அதிர்ச்சி தரும். நிலக்கரி வண்டி இழுக்கும் கனத்த குதிரைகள், லாடக்காரர் பட்டறையில் காலைத் தூக்கிக் கொடுத்து நிற்கும் குதிரை, சேறு, புகை. குதிரைமேல் பித்தாக இருந்த ஜெரிகோ, குதிரையிலிருந்து விழுந்த காயங்கள் முற்றி, 1824 ஜனவரியில் 32 வயதில் இறந்தார்.

கையால் வண்ணம் தீட்டிய ஆங்கில வேட்டை நூல்கள் தனி உலகம். ஹென்றி ஆல்கனின் 36 வண்ணப் படங்களோடு ஆக்கர்மன் நிறுவனம் 1842-இல் வெளியிட்ட விளையாட்டுப் பிரியர் ஒருவரின் வாழ்க்கைக் கதையைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். இவற்றில் வண்ணம் நூலோடு பிறந்தது. ஆனால் 17, 18ஆம் நூற்றாண்டுப் பயிற்சி நூல்களின் படங்கள் பெரும்பாலும் கருப்பு வெள்ளையில் வெளியானவை. நியூகாசில் படம் ஒன்று பளிச்சென்ற பச்சைப் புல்லோடும் சிவப்புச் சேணத்தோடும் விலைக்கு வந்தால், சுவரில் மாட்டுவதற்காக யாரோ பிற்காலத்தில் பூசியது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சுவர் என்றதும் இந்தத் துறையின் பெரிய துயரத்தைச் சொல்லியாக வேண்டும். முழு நூல்கள் அரிதானதற்கு நெருப்பும் கரையானும் மட்டும் காரணம் இல்லை. வியாபாரமும் காரணம். 42 படங்கள் உள்ள ஒரு நூலை முழுதாக விற்பதைவிட, தையலை அறுத்து ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் போட்டு விற்றால் லாபம் கூடுதல். குதிரைப் படங்களுக்கு வரவேற்பறைகளிலும் கிளப்புகளிலும் என்றும் கிராக்கி உண்டு என்பதால் இந்த வகை நூல்கள் அதிகமாகவே அடிபட்டன. எழுத்துப் பக்கங்களை வாங்க ஆளில்லை, அவை குப்பைக்குப் போயிருக்கும். அப்படி வெட்டியெடுத்த தாளில் தலைப்புப் பக்கத்தின் துணையும் போய்விடுகிறது. 1658-ஆ 1743-ஆ என்பதற்கு அந்தத் தாளைத் தவிர வேறு சாட்சி இல்லை. விற்கிறவர் மூத்த ஆண்டைத்தான் எழுதுவார், அது மனித இயல்பு. ஏற்கெனவே எப்போதோ பிரிந்துபோன படங்களை வாங்குவதில் தவறில்லை. முழு நூலை இன்று பிரிப்பது மன்னிக்க முடியாத காரியம்.

தாளைப் படிக்கக் கற்றுக்கொள்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டியபடி சுமார் ஓர் அங்குல இடைவெளியில் தடித்த கோடுகளும் தெரிகின்றனவா? கம்பி வரிந்த சட்டத்தில் கூழைக் கையால் அள்ளிச் செய்த கோட்டுத்தாள் அது. கோடே இல்லாமல் சீராக இருந்தால் நெய்த கம்பி வலையில் செய்த தாள். அந்த வகைத் தாள் இங்கிலாந்தில் அச்சுக்கு வந்தது 1757 வாக்கில்தான், வாட்மன் ஆலையிலிருந்து. ஆகவே கோடில்லாத தாளில் உள்ள ‘1658’ படம் அந்த ஆண்டுப் படமாக இருக்கவே முடியாது. விவாதம் அங்கேயே முடிந்தது.

அடுத்து படத்தைச் சுற்றி விரல் நுனியால் தடவிப் பாருங்கள். தகடு அழுந்திய இடத்தில் நான்கு பக்கமும் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். பைண்டர் ஓரத்தை வெட்டியிருந்தால் ஒரு பக்கம் காணாமல் போயிருக்கும், அதற்கேற்ப விலையும் குறைய வேண்டும். கல்லச்சுப் படத்தில் இந்தப் பள்ளம் இருக்காது. பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றால் குதிரையின் கண்ணைப் பாருங்கள். செதுக்கிய படத்தில் கோடு கோடாக, மை சற்று மேலெழும்பி நிற்கும். சீரான புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால நகல் அச்சு. இரட்டைப் பக்கப் படம் என்றால் நடுவே மடிப்பு இருந்தே ஆக வேண்டும், மடிப்பே இல்லாத நியூகாசில் படம் கேள்விக்குரியது. பழுப்புப் புள்ளிகளுக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். அவற்றைப் போக்க வெளுத்த தாள்தான் கவலைக்குரியது, அதற்கு உயிர் போயிருக்கும்.

எந்த நூலில் எத்தனை படம் இருக்க வேண்டும் என்று சொல்லும் நூற்பட்டியல்கள் இருக்கின்றன. எஃப். எச். ஹுத் 1887-இல் தொகுத்தது ஒன்று. பிரெஞ்சு நூல்களுக்கு மெனெசியே டி லா லான்ஸ் 1915 முதல் 1921 வரை வெளியிட்டது. அமெரிக்கக் கோடீஸ்வரர் பால் மெலன், 1971 டெர்பி பந்தயத்தை வென்ற ‘மில் ரீஃப்’ குதிரையின் சொந்தக்காரர், சேர்த்த குதிரை நூல்களுக்கு ஜான் பொடெஸ்கி 1981-இல் வெளியிட்ட விரிவான அட்டவணை மூன்றாவது. மெலன் தன் சேகரிப்பை யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். வர்ஜீனியாவின் மிடில்பர்க்கில் 1954 முதல் இயங்கும் தேசிய விளையாட்டு நூலகத்திலும் இவ்வகை நூல்கள் நிறைய. இப்படி நல்ல பிரதிகள் பொது நூலகங்களுக்குள் போய்விடுவதால் சந்தையில் மிஞ்சுவது குறைகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. அங்கே இருந்தால் யாரும் அவற்றை வெட்ட மாட்டார்கள்.

தமிழ்நாட்டிலும் இந்த ஆர்வத்துக்கு ஓர் இடம் உண்டு. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி ஐரோப்பிய அச்சு நூல்களையும் படங்களையும் ஆர்வத்தோடு வரவழைத்தவர். அவர் வளர்த்த சரஸ்வதி மகால் நூலகத்தில் குதிரைகளைப் பற்றிய படச் சுவடியும் இருக்கிறது. பாண்டவர்களில் ஒருவரான நகுலன் பெயரில் வழங்கும் ‘அசுவ சாஸ்திரம்’ என்ற வடமொழி நூலை அந்த நூலகம் 1952-இல் வண்ணப் படங்களோடு அச்சில் கொண்டுவந்தது. ஐரோப்பியப் படங்களில் குதிரையின் தசையும் அசைவும் முதன்மை. இங்கே நிறமும் சுழியும் லட்சணமும் முதன்மை. பெரிய தொகை செலவழிக்க முடியாத ஒருவர் பழைய புத்தகக் கடைகளில் தேட வேண்டிய நூல் என்று இதைத்தான் முதலில் சொல்வேன்.

அதற்கடுத்து, ஸ்டப்ஸ் நூலின் பிந்தைய பிரதி. முந்தைய பிரதிகளோடு ஒப்பிட்டால் விலை இறங்கித்தான் இருக்கும், தகடுகள் அவர் கை பட்ட அதே தகடுகள். நேர்மையான வியாபாரி அட்டவணையிலேயே ‘1766 என்று தேதியிட்டது, படங்கள் பிந்தைய தாளில்’ என்று எழுதி, நீர்க்குறியின் ஆண்டையும் கொடுத்துவிடுவார். எழுதாதவரிடம் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படத்தாளின் புகைப்படம் ஒன்று கேளுங்கள். தனித்தாள் விற்பவரிடம் கூடுதலாக இன்னொன்றும்: நூலின் மற்ற பக்கங்கள் எங்கே, எப்போது பிரிந்தது. அனுப்ப முடியாது, சொல்ல முடியாது என்றால் அந்தப் படத்தை விட்டுவிடலாம்.